ஸ்வாஃபம் ஊரில் இரண்டு ஜான்கள்: எங்கள் முன்னோர் எவர்?

நார்விச் மருமகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் கணவரின் குடும்பத்தார் இங்கிலாந்தின் கிழக்கே உள்ள நார்ஃபோக் கவுண்டியைச் சேர்ந்தவர்கள். என் பிறந்தவீட்டு வம்சாவளியைத் தந்தையார் எழுதிவைத்திருந்ததால் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம் தெரியும். மாமியாரின் பிறந்தவீட்டுப் பக்கத்தையும் அதேபோல் எழுதிக் கொடுக்கலாம் என்று தொடங்கினேன். 1837-க்குப் பின்வந்த தலைமுறைகளை அரசின் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களைக் கொண்டு அதிகச் சிக்கலின்றிக் கோத்துவிட்டேன். அதற்கு முந்தைய தேவாலயப் பதிவேடுகளுக்குள் நுழைந்ததும் வழி இரண்டாகப் பிரிகிறது. உறவினர் பலர் உயிரோடு இருப்பதால் குடும்பப்பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

நான் தேடுபவர் ஜான் என்னும் பண்ணைக் கூலியாள். 1841 கணக்கெடுப்பில் அவர் வயது 40. 1851-இல் வயது 51, பிறந்த ஊர் ஸ்வாஃபம், மனைவி சாரா. 1861-இல் வயது 64, பிறந்த ஊர் அதே ஸ்வாஃபம், மனைவி ஹன்னா. சாராவை அவர் 1824-இல் ஸ்வாஃபம் தேவாலயத்தில் மூன்று முறை ஓலை வாசித்து (அதாவது, திருமண அறிவிப்பைச் சபையார் முன் படித்து) மணந்திருக்கிறார். 'இந்தப் பங்கைச் சேர்ந்தவர், மணமாகாதவர்' என்ற குறிப்பும் (பங்கு என்பது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி), கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சிலுவைக்கீறலும் உள்ளன. ஞானஸ்நான அட்டவணையிலோ அதே பெயரில் இருவர் இருக்கின்றனர். ஒருவர் தாமஸ், மேரி தம்பதியரின் மகன், 1797 மார்ச். மற்றவர் ராபர்ட், எலிசபெத் தம்பதியரின் மகன், 1800 ஜனவரி. 1851-இல் சொன்ன வயது இளையவருக்கும், 1861-இல் சொன்ன வயது மூத்தவருக்கும் பொருந்துகின்றன.

இணையத்தில் பலர் பகிர்ந்துள்ள குடும்ப மரங்கள் அனைத்தும் தாமஸின் மகனையே எடுத்துக்கொண்டு, அங்கிருந்து 1560-கள் வரை ஏறி, ஒரு நைட் பட்டம் பெற்ற பிரபுவின் வீட்டில் போய் முடிகின்றன. அதை நம்பலாமா?

இன்னொரு சிறு ஐயமும் உண்டு. சாராவின் முன்னோரில் ஒரு தம்பதியர் 1723 அக்டோபரில் மணந்ததாகவும், அவர்களுடைய முதல் குழந்தைக்கு 1723 பிப்ரவரியில் ஞானஸ்நானம் நடந்ததாகவும் ஒரே பதிவேட்டில் உள்ளது. குழந்தை பிறந்தபின் திருமணம் நடந்தது என்று கொள்வதா?

பழைய ஏடு எழுதியது:

வணக்கம் அம்மா. தங்கள் முதல் கேள்விக்கான விடை, தாங்கள் எழுதியதற்குள்ளேயே பாதி இருக்கிறது. 1851-இல் மனைவி சாரா, 1861-இல் மனைவி ஹன்னா என்றால், இடைப்பட்ட பத்தாண்டில் ஜான் மறுமணம் செய்திருக்க வேண்டும். 1824-இல் பயன்பட்ட அச்சுப் படிவம் 1754-இல் நடைமுறைக்கு வந்த ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டத்தை ஒட்டியது. மணமக்களின் பெயர், பங்கு, கையெழுத்து, சாட்சிகள் ஆகியவற்றுக்கு அதில் இடமுண்டு, தந்தையின் பெயருக்கு இடம் இல்லை. 1837 ஜூலை 1-ஆம் தேதிக்குப் பிறகு நடந்த திருமணங்களின் பதிவிலோ மணமக்கள் இருவரின் தந்தையர் பெயரையும் தொழிலையும் எழுதுவதற்குத் தனிக் கட்டங்கள் உண்டு. ஆகவே அந்த இரண்டாம் திருமணப் பதிவு கிடைத்தால், ஐம்பது வயதைக் கடந்த ஜான் தன் தந்தை என்று யாரைச் சொன்னார் என்பது தெரிந்துவிடும். மறுமணம் செய்துகொண்ட முன்னோர் ஒருவர் கிடைப்பது வம்சாவளி தேடுவோருக்குப் பெரும் பேறு என்பேன்.

அரசின் பிறப்பு, திருமண, இறப்பு அட்டவணைகளைத் தேட உதவும் ஃப்ரீபிஎம்டி தளத்தில் ஸ்வாஃபம் பதிவு மாவட்டத்தையும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களையும் காலாண்டு வாரியாகப் பாருங்கள். 1912-க்கு முந்தைய திருமண அட்டவணையில் துணையின் குடும்பப்பெயர் இராது என்பதால், ஜானின் பெயர் உள்ள அதே தொகுதி, அதே பக்க எண்ணில் ஒரு ஹன்னா இருக்கிறாரா என்று ஒப்பிட வேண்டும். திருமணம் வழக்கமாக மணமகளின் பங்கில் நடக்கும். ஸ்வாஃபமில் இல்லையென்று விட்டுவிடாதீர்கள். ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். திருமணத்துக்குப் புறம்பே பிறந்தவர்கள் வெட்கத்தின் காரணமாகத் தாத்தாவின் பெயரையோ கற்பனைப் பெயரையோ தந்தை பெயராகச் சொன்னதுண்டு. ஜானுக்கு இரண்டு பதிவுகளிலும் பெற்றோர் இருவரும் குறிப்பிடப்பட்டிருப்பதால் அந்தக் கவலை இங்கே குறைவு.

வயதை வைத்து முடிவெடுப்பது வீண்வேலை. 1841-இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதுமாறு கணக்கெடுப்பாளர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. நாற்பது என்றால் நாற்பது முதல் நாற்பத்து நான்கு வரை எதுவும் ஆகலாம், தங்கள் ஜான்கள் இருவருமே அதற்குள் அடங்கிவிடுவார்கள். பிந்தைய கணக்கெடுப்புகளில் சரியான வயதைக் கேட்டார்கள் என்றாலும், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலியாள் தன் வயதைத் தோராயமாகத்தான் சொல்லியிருப்பார்.

அடுத்ததாக, அடக்கப் பதிவேட்டைத் திறந்து 1797 முதல் 1824 வரை அந்தக் குடும்பப்பெயரில் எந்த ஜானாவது புதைக்கப்பட்டாரா என்று பாருங்கள். பெரும்பாலோர் செய்யாமல் விடுவது இதைத்தான். ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளில் கணிசமானோர் ஐந்து வயதைக்கூடக் காணாத காலம் அது. பிழைத்தாரா என்று பார்க்காமலே ஒருவரை முன்னோராக்கிப் பேரன் பேத்திகளை அவர் தலையில் கட்டுவது இணைய மரங்களில் தினமும் நடக்கிறது. 1813-க்கு முந்தைய அடக்கப் பதிவுகளில் வயது பல நேரம் இராது. ஆனால் இறந்தது குழந்தையாக இருந்தால் இன்னாரின் மகன் என்று குறிக்கும் வழக்கம் பரவலாக இருந்தது.

கடைசியாக ஒன்று: அட்டவணையை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். நார்ஃபோக் பதிவேடுகளின் பக்கப் படங்கள் ஃபேமிலிசர்ச் தளத்தில் உள்ளன. அந்தக் கவுண்டியில் 1783 முதல் 1812 வரையிலான ஞானஸ்நானப் பதிவுகள் பலவற்றில் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரும், குழந்தை பிறந்த நாளும் சேர்த்தே எழுதப்பட்டுள்ளன. இங்கிலாந்தின் மற்றப் பகுதிகளில் தேடுவோருக்கு இது எளிதில் வாய்க்காது. அட்டவணை தயாரித்தவர்கள் இந்த விவரங்களை அடிக்கடி விட்டுவிட்டார்கள்.

பங்குனி எழுதியது:

1723 பற்றிய ஐயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். 1752 வரை இங்கிலாந்தின் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. ஆகையால் 1723 அக்டோபருக்குப் பின்னர் நவம்பர், டிசம்பர், ஜனவரி வந்து, அதன்பின் வருவதே அந்தப் பதிவேட்டின் 1723 பிப்ரவரி. நம் கணக்கில் அது 1724. சில குருவானவர்கள் குழப்பம் வராதிருக்க 1723/4 என்று இரட்டையாக எழுதினார்கள், பலர் எழுதவில்லை. திருமணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் இடையே நான்கு மாதம் இருக்கிறது. மணமகள் கருவுற்ற பின் நடக்கும் திருமணம் அன்றைய ஆங்கிலக் கிராமங்களில் சாதாரணம். தங்கள் குறிப்பேட்டில் தேதியை 1723/4 என்றே எழுதிக்கொள்ளுங்கள். 1724 என்று மாற்றி எழுதினால் அடுத்துப் பார்ப்பவர் அதை ஏற்கெனவே திருத்தியதா, திருத்தாததா என்று தெரியாமல் இன்னோர் ஆண்டைக் கூட்டிவிடுவார்.

கல்லறைத் தோட்டம் எழுதியது:

பிரபுவின் வீட்டில் முடியும் அந்த மரத்தைப் பற்றிச் சில சொற்கள். ஜானை விட்டுவிட்டு, பதிவேடுகளின் வரலாற்றை மட்டும் வைத்துப் பார்த்தாலே அதன்மேல் ஐயம் வரவேண்டும்.

எட்டாம் ஹென்றியின் அமைச்சரான தாமஸ் கிராம்வெல் 1538 செப்டம்பரில் இட்ட ஆணைப்படி, ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை வாரந்தோறும் ஏட்டில் எழுத வேண்டும். ஏட்டைப் பூட்டிய பெட்டியில் காக்க வேண்டும். தொடக்ககால ஏடுகள் பல தாளால் ஆனவை, அவற்றில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. அதனால் 1598-இல் எலிசபெத் அரசியின் ஒப்புதலோடு வந்த ஆணை, பழைய பதிவுகளைத் தோலேட்டில் படியெடுக்கச் சொன்னது. 'குறிப்பாக அரசியின் ஆட்சி தொடங்கிய ஆண்டிலிருந்து' என்ற சொற்கள் அதில் இருந்தமையால் பல குருவானவர்கள் முந்தைய இருபது ஆண்டுகளைப் படியெடுக்காமலே விட்டுவிட்டார்கள். ஊர் ஊராக ஏடுகள் 1558-இல் தொடங்குவதன் காரணம் இது. ஆகவே 1560-களின் பதிவு என்று ஒன்றைக் காட்டினால், நாம் பார்ப்பது பெரும்பாலும் ஒரு தலைமுறை கழித்து எழுதிய படியாக இருக்கும். படியெடுத்தவரின் கை சோர்ந்த இடங்களும் அதில் இருக்கும்.

அதைவிடப் பெரிய இடைவெளி 1640-களில் இருக்கிறது. உள்நாட்டுப் போரின்போது குருவானவர்கள் துரத்தப்பட்டார்கள், ஏடுகள் கைவிடப்பட்டன. 1653-இல் வந்த சட்டம் திருமணத்தை நீதிபதியின் கைக்கு மாற்றி, ஞானஸ்நானத்துக்குப் பதிலாகப் பிறப்பைப் பதியச் சொன்னது. 1660-இல் முடியாட்சி மீண்ட பிறகுதான் பல ஊர்களில் எழுத்து ஒழுங்காகத் தொடர்கிறது. இந்தப் பதினைந்து, இருபது ஆண்டுப் பள்ளத்தை ஒரு கூலியாளின் வம்சாவளி கடந்து போக வேண்டுமென்றால் உயிலோ நிலப் பத்திரமோ கைகொடுக்க வேண்டும். கூலியாட்கள் உயில் எழுதியது அரிது. 1858-க்கு முந்தைய உயில்கள் திருச்சபை நீதிமன்றங்களில் பதிவானவை. அவற்றில் ஒன்றையாவது அந்த மரத்தார் சான்றாகக் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். காட்டவில்லை என்றால், பெயர் ஒத்துப்போன இடங்களிலெல்லாம் கிளை ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

மேலும், நைட் பட்டம் பெற்ற குடும்பத்தின் வாரிசு இரண்டு நூற்றாண்டில் பண்ணைக் கூலியாளாக இறங்குவது நடக்காத காரியமல்ல. இளைய மகன்களின் இளைய மகன்கள் அப்படித்தான் இறங்கினார்கள். ஆனால் அத்தகைய இறக்கம் ஒவ்வொரு படியிலும் ஏதாவது ஒரு தாளை விட்டுச் செல்லும்.

நார்விச் மருமகள் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. சொன்ன வரிசையிலேயே தேடினேன். ஜானும் ஹன்னாவும் 1855-இல் மணந்திருக்கிறார்கள். இடம் ஸ்வாஃபமுக்கு வடக்கே உள்ள காசில் ஏக்கர். 'மனைவியை இழந்தவர், கூலியாள், தந்தை பெயர் ராபர்ட், கூலியாள்' என்று பதிவு தெளிவாகக் கூறுகிறது. அடக்கப் பதிவேட்டில் 1797 ஜூலையில் 'தாமஸின் குழந்தை ஜான்' புதைக்கப்பட்டிருக்கிறார். நான்கு மாதக் குழந்தையாக இறந்தவரைத்தான் இத்தனை மரங்களும் தாத்தாவாக்கி வைத்திருக்கின்றன. பிரபுவின் வீட்டார்க்கு நம் வீட்டில் இனி இடமில்லை என்று மாமியாரிடம் சொன்னேன். அவர் அதிகம் வருந்தியதாகத் தெரியவில்லை.

1800 ஜனவரிப் பதிவின் படத்தையும் பார்த்தேன். பழைய ஏடு அவர்கள் சொன்னதுபோல் அட்டவணையில் இல்லாத விவரங்கள் அதில் உள்ளன. குழந்தை 1799 டிசம்பர் இறுதியில் பிறந்து, உடனே வீட்டில் ஞானஸ்நானம் பெற்று, பின்னர் ஜனவரியில் தேவாலயத்தில் சபையார் முன் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. பிழைக்குமோ என்ற அச்சத்தில் குருவானவரை வீட்டுக்கு அழைத்திருப்பார்கள் போலும். தாயின் பெயர் எலிசபெத் என்பதோடு அவருடைய பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரும் உள்ளது. அது கவுண்டியில் அரிதான பெயர். ஆனால் ராபர்ட், எலிசபெத் திருமணம் ஸ்வாஃபம் பதிவேட்டில் இல்லை. ராபர்ட்டின் ஞானஸ்நானமும் இல்லை. 1794 முதல் 1806 வரை அவர்களுக்கு ஐந்து குழந்தைகள் ஸ்வாஃபமில் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார்கள். அதன்பின் எதுவும் இல்லை. இனி எங்கே தேடுவது?

பழைய ஏடு எழுதியது:

நல்ல முன்னேற்றம் அம்மா. அடக்கப் பதிவும் மறுமணப் பதிவும் ஒன்றையொன்று தாங்குகின்றன. எவரும் இதை எளிதில் அசைக்க முடியாது. வெறும் 1855 பதிவு மட்டும் இருந்திருந்தால்கூட நான் இன்னொரு சான்று கேட்டிருப்பேன்.

ராபர்ட் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர் என்றே தோன்றுகிறது. முதல் குழந்தை 1794 என்பதால் திருமணம் 1790-க்கும் 1794-க்கும் இடையே, எலிசபெத்தின் ஊரில் நடந்திருக்கும். அரிதான குடும்பப்பெயர் கையில் இருக்கும்போது ராபர்ட்டைத் தேடாமல் எலிசபெத்தைத் தேடுவதே உத்தமம். தேவாலயப் பதிவேடுகளைத் தேட உதவும் ஃப்ரீரெக் தளத்தில் ஸ்வாஃபமை நடுவாக வைத்துச் சுற்றுவட்டப் பங்குகளையும் சேர்த்துத் தேடும் வசதி உண்டு. நார்ஃபோக்கில் இடைக்காலத் தேவாலயங்கள் மட்டும் 650-க்கு மேல் இருப்பதால், பத்து மைல் சுற்றளவிலேயே பல பத்துப் பங்குகள் அகப்படும். ஸ்போர்ல், நெக்டன், காசில் ஏக்கர் என்று அருகிலிருந்து தொடங்கி விரித்துக்கொண்டே போங்கள். திருமணப் பதிவேடு தொலைந்த பங்காக இருந்தால், ஆண்டுதோறும் பிஷப்புக்கும், அவருக்குக் கீழுள்ள திருச்சபை அதிகாரியான ஆர்ச்டீக்கனுக்கும் அனுப்பிய நகல்கள் நார்விச்சில் உள்ள நார்ஃபோக் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1754-க்குப் பின் ஓலை வாசித்ததைத் தனியே பதிந்த ஏடுகளும் சில பங்குகளில் மிஞ்சியுள்ளன. மணமகனின் ஊர் வேறாக இருந்தால் இரண்டு ஊர்களிலும் ஓலை வாசித்திருப்பார்கள் என்பதால், ஸ்வாஃபம் ஓலை ஏட்டில் எலிசபெத்தின் ஊர்ப்பெயர் கிடைக்கக்கூடும்.

வெளியூர்க் கூலியாளைப் பற்றிய செழிப்பான ஆவணங்கள் ஞானஸ்நான ஏட்டுக்கு வெளியேதான் இருக்கின்றன. 1662-இன் குடியமர்வுச் சட்டத்தின்படி, ஒருவர் வறுமையுற்றால் அவரைத் தாங்க வேண்டிய பொறுப்பு அவருக்குக் குடியுரிமை (அதாவது, அங்கே குடியிருந்து உதவி பெறும் உரிமை) உள்ள பங்குக்கே உரியது. தந்தையின் உரிமை, ஒரு முழு ஆண்டு வேலைக்கு அமர்ந்திருத்தல், தொழில் பழகுநராக இருத்தல், ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு வாடகை கொடுத்தல் போன்ற வழிகளில் அந்த உரிமை வரும். உரிமை கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் சில பண்ணையார்கள் ஐம்பத்தொரு வாரத்துக்கு மட்டும் ஆளமர்த்திய தந்திரமும் நடந்தது. யார் எந்தப் பங்கின் சுமை என்ற வழக்கு வந்தால் இரண்டு நீதிபதிகள் முன் அந்த ஏழை வாக்குமூலம் கொடுக்க வேண்டும். எங்கே பிறந்தார், எந்த வயதில் யாரிடம் வேலைக்கு அமர்ந்தார், மைக்கேல்மஸ் (செப்டம்பர் 29 திருநாள்) முதல் மைக்கேல்மஸ் வரை எத்தனை ஆண்டு இருந்தார், கூலி என்ன, எங்கே மணந்தார், குழந்தைகள் யார் என்று அந்தத் தாளில் ஒரு கூலியாளின் வாழ்க்கையே அடங்கிவிடும். பிரபுக்களைப் பற்றிக்கூட இவ்வளவு நெருக்கமான செய்தி கிடைப்பதில்லை.

1795 வரை, வருங்காலத்தில் சுமையாகக்கூடும் என்ற ஐயத்தின் பேரிலேயே ஒரு குடும்பத்தை ஊரைவிட்டு அனுப்ப முடிந்தது. அதன்பின் உதவி கேட்டால் மட்டுமே அனுப்பலாம் என்று சட்டம் மாறியது. 1794-இல் கைக்குழந்தையோடு ஸ்வாஃபமில் இருந்த ராபர்ட்டிடம் ஊரார் குடியுரிமைச் சான்றிதழ் கேட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1806-க்குப் பின் குழந்தைகள் இல்லாமல் போனதற்கும் இங்கே காரணம் இருக்கலாம்: எலிசபெத்துக்குப் பிள்ளைப்பேற்றுக் காலம் முடிந்திருக்கலாம், குடும்பம் வேறு பங்குக்கு அனுப்பப்பட்டிருக்கலாம், அல்லது ஆங்கிலத் திருச்சபைக்குப் புறம்பான மெதடிஸ்ட் சபையில் சேர்ந்திருக்கலாம். மெதடிஸ்டுகளும் 1837 வரை பங்குக் கோயிலில்தான் மணந்தாக வேண்டும் என்பதால், அவர்களுடைய திருமணம் மட்டும் கிடைத்துக் குழந்தைகள் கிடைக்காமல் போவதுண்டு. அச்சபைகள் 1837-க்குப் பிறகு அரசிடம் ஒப்படைத்த ஏடுகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்ஜி 4 என்ற வரிசையில் இருக்கின்றன.

தாங்கள் நார்விச்சிலேயே இருப்பதால் ஆவணக் காப்பகத்துக்கு நேரில் செல்வது எளிது. பங்குகளின் ஆவணங்கள் அங்கே பி.டி. (PD) என்ற எழுத்துகளோடு எண்ணிடப்பட்டுள்ளன. ஸ்வாஃபமின் பட்டியலை எடுத்து, ஏழைகள் கண்காணிப்பாளரின் தாள்கள் என்ற தலைப்பின்கீழ் குடியுரிமைச் சான்றிதழ்கள், வாக்குமூலங்கள், வெளியேற்ற ஆணைகள் ஆகிய மூன்றையும் 1790 முதல் 1810 வரை கேளுங்கள். ராபர்ட்டின் பெயரில் தாள் இல்லை என்றால் காசில் ஏக்கரின் பட்டியலையும் கேட்டுப் பாருங்கள். ஜான் மறுமணத்துக்கு அங்கே போனதற்கு ஹன்னாவைத் தவிர வேறு உறவும் இருந்திருக்கலாம்.